பதினாலு லட்சம், ஒரு தரம்

இரவு இரண்டரைக்குக் காசிமேட்டில்
கூடை இறங்கும்போது
தேசப்பன் குரல்தான் முதலில் எழும்.
வஞ்சிரமோ சங்கராவோ,
எச்சில் தெறிக்காமல் அவர் வாயிலிருந்து
எந்த விலையும் வந்ததில்லை.
முன்னால் நிற்பவர்கள்
அதையும் சேர்த்துத்தான் வாங்கிப்போனார்கள்.

மூன்று மாதமாக வாயில் துண்டு.
விரலால் ஏலம் விடுகிறாராம்.

எங்கள் லேப் ஜன்னல் முன்
துண்டுக்குள்ளிருந்து கேட்டார்:
"எச்சில்ல கீதா மேடம்,
அத்த மட்டும் பாத்து சொல்லு.
ரத்தத்துல இருந்தா
இருந்துட்டுப் போவுது."

தொண்ணூற்று நாலில்
விஞ்ச் கயிறு அறுந்து தொடை கிழிந்த இரவு
நாலு பாட்டில் ஏற்றினார்களாம்.
யார் கொடுத்த ரத்தமோ.
அன்றைக்கு அந்தப் பாட்டில்களில்
இந்தக் கிருமியை யாரும் தேடவில்லை.
முப்பது வருடம்
வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது.

ஆய்வுக்காக நாற்பது பேரிடம்
எச்சில், வியர்வை, கண்ணீர் வாங்குகிறோம்.
குப்பியில் துப்பச் சொன்னால் போதும்.
அவருக்குத் துப்ப வரவில்லை.
"நீ வெளிய போ மேடம்,
உன் மேல பட்டுடப் போவுது."
போனேன்.
வியர்வைக்குக் குறைவில்லை,
மே மாதம், ஃபேன் ரிப்பேர்.
கண்ணீர்தான் கஷ்டம்.
கீழிமையில் காகிதப் பட்டையை மாட்டி
ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன்.
இரண்டு மில்லிமீட்டர் நனைந்தது.
"வெங்காயம் ஆவாதா?"
ஆகாது என்றேன்.

அப்புறம்தான் ரத்த ரிப்போர்ட் வந்தது.
ஒரு மில்லிக்குப் பதினாலு லட்சம்.
எண்ணை இரண்டு முறை எழுத்துக்கூட்டினார்.
துண்டை இறக்கினார்.

"பதினாலு லட்சம் ஒரு தரம்!"

வராந்தா மொத்தமும் திரும்பியது.

"பழைய சரக்கு, தொண்ணூத்திநாலு மாடல்,
பதினாலு லட்சம் ரெண்டு தரம்!
எட்த்துக்கினு போறவன் போப்பா,
கூடைக்குக் காசு வாணாம்!"

டயாலிசிஸ் வரிசையிலிருந்து
"பத்துக்குத் தருவியா?" என்றார் ஒருவர்.
தேசப்பன் சிரித்தார், இருமினார்,
மறுபடி சிரித்தார்,
கண் வழிந்தது.
நான் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எச்சிலில் இல்லை.
வியர்வையில் இல்லை.
கண்ணீரில் மட்டும் ஏதோ ஒரு சுவடு,
எண்ணில் அடங்காத சிறிசு.
மறைக்காமல் சொன்னேன்.
இருப்பது வேறு, ஒட்டுவது வேறு,
ரத்தம் ரத்தத்தைத் தொட வேண்டும் என்றேன்.

"அப்போ கத்தலாம்?"
"கத்துங்க."
"வூட்ல ஒரே சொம்புல தண்ணி?"
"குடிங்க."
மூன்றாவதைக் கேட்காமல்
காதைச் சொறிந்தார்.
"அதுவும் குடுக்கலாம்" என்றேன்
ரிஜிஸ்டரைப் பார்த்தபடி.

பன்னிரண்டு வாரம் மாத்திரை, இலவசம்தான்,
ஒரு நாள் விடக்கூடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
ஷேவிங் பிளேடு யாருடையது என்றதும்
ஆட்டம் நின்றது.

"மச்சானுக்கும் எனக்கும் ஒண்ணுதான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அவ மீன் ஆயற கத்திலதான்
நானும் நகம் வெட்டுவேன்."

மறுநாள் இருவரையும் கூட்டிவந்தார்.
மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினான்.
தனபாக்கியம் விரல்களில் மூன்று பிளாஸ்திரி,
கெளுத்தி முள் கிழித்தது பழையது,
கத்தி பட்டது நேற்று.
சுவரில் "ஆய்வகம்" என்ற பலகையைப் பார்த்து
"நீயும் ஆயறியா?" என்றாள்.
"எனக்குக் கிலோவுக்கு முப்பது ரூவா,
உனக்கு எவ்ளோ?"

சிரித்துக்கொண்டே நரம்பு தேடினேன்.
கிடைத்தது.
குழாய் நிறைந்தது.
பேரெழுதி ஒட்டினேன்.

"செவ்வாய்க்கிழமை தெரியும்."
"அதுவரிக்கும்?"

ஒன்பது வருடம் முன்பு
இதே மேஜையில் என் கட்டைவிரலில் ஊசி குத்தியது.
ஆறு மாதம்
சுவரைப் பார்த்துப் படுத்தேன்,
மகனின் வாட்டர் பாட்டிலைத் தொடவில்லை,
இதே படிப்பைப் படித்தவள்,
இதே பதிலைத் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவள்.

அவளிடம் அதைச் சொல்லவில்லை.
பஞ்சை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.